வியூஃபைண்டரில் தெளிவு, படத்தில் மங்கல்

கோடை மழை பெய்து ஏற்காட்டில் காப்பிச் செடி பூத்ததும், சேலத்திலிருந்து கேமராக்காரர்கள் மலையேறிவிடுவார்கள். அதில் சிலருக்கு இப்போது கையால் ஃபோகஸ் செய்யும் ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் நாங்கள் செய்து சலித்த அதே பிழைகளை அச்சு மாறாமல் செய்கிறார்கள். லென்ஸ் மூடியைக் கழற்ற மறப்பது போன்றவை தானாகவே திருந்திவிடும், விடுங்கள்.

திரையை நம்புவது

கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் திரையில் தெளிவாகத் தெரிந்தால் போதும் என்று நம்புவது. எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். ஒரு தம்பி 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் (ஒளித்துளை அகலத் திறந்த நிலை; எண் கூடக்கூடத் துளை சுருங்கும்) வைத்துக் காலை முழுக்கப் பூக்களை எடுத்தான். "ஃபைண்டர்ல பளிச்சுன்னு இருந்துச்சுண்ணா" என்றான். கணினியில் போட்டால் பூ மங்கல், பின்னாலிருந்த இலை துல்லியம். லென்ஸ் பழுது என்று முடிவுகட்டி, பாதி விலைக்கு விற்றும்விட்டான். லென்ஸில் ஒரு குறையும் இல்லை. பூவோ சில நாளில் வாடிவிடும். இனி அடுத்த வருஷம்தான்.

பழைய ஃபிலிம் கேமராக்களின் திரை கையால் ஃபோகஸ் செய்வதற்கென்றே ஆனது. நடுவில் பிளவு வட்டம் இருக்கும். இரண்டு பாதியும் ஒட்டினால் ஃபோகஸ் சரி. ஆட்டோஃபோகஸ் டிஎஸ்எல்ஆர் கேமராவின் (உள்ளே கண்ணாடி வைத்தது) ஃபைண்டர் திரை, சாதாரண ஜூம் லென்ஸிலும் வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்று செய்யப்பட்டது. லென்ஸின் ஓரங்களிலிருந்து வரும் ஒளி அதில் கண்ணுக்கு எட்டுவதில்லை. ஆகவே எஃப் 1.8 லென்ஸைப் போட்டாலும் கண் பார்ப்பது ஏறக்குறைய எஃப் 2.8-இன் காட்சி; படத்தில் விழுவதைவிட அதிக ஆழம் தெளிவாகத் தெரியும். கேமராவில் டெப்த் பிரிவ்யூ பொத்தான் (படம் எடுக்கும் துளை அளவிலேயே காட்சியைக் காட்டுவது) இருந்தால் 1.8, 2.5 இரண்டிலும் அழுத்திப் பாருங்கள். ஃபைண்டரில் வித்தியாசமே தெரியாது. ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) கேமராவில் அரை மீட்டர் தூரத்துப் பூவுக்கு, எஃப் 1.8-இல் தெளிவாக விழும் ஆழம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. கண் போடும் கணக்கு அங்கே எடுபடாது.

வழி என்ன? முக்காலி போட்டு, லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்பக்கத் திரையில், 10 மடங்கு பெருக்கி ஃபோகஸ் செய்யுங்கள். வெயிலில் அந்தத் திரை தெரியாவிட்டால் துண்டைத் தலைமேல் போட்டுக்கொள்ளலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள். காற்றில் கிளை ஆடினால் எஃப் 4-க்குத் துளையைச் சுருக்கிவிடுவதே புத்திசாலித்தனம்.

பச்சைப் புள்ளி எரிந்ததும் அழுத்துவது

ஃபோகஸ் சரி என்று ஃபைண்டரில் எரியும் புள்ளி இது. லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைக் கொஞ்சம் நகர்த்தினாலும் அது எரிந்துகொண்டேதான் இருக்கும். எரியத் தொடங்கும் இடம், அணையும் இடம் இரண்டையும் பார்த்து நடுவில் நிறுத்துங்கள். பகோடா பாயின்ட் பனிமூட்டத்தில் அந்தப் புள்ளி வெறுமனே சிமிட்டும். அப்போது அதை மறந்துவிடுங்கள்.

டயாப்டர்

ஃபைண்டர் காட்சியை உங்கள் பார்வைக்கேற்பச் சரிசெய்யும் சிறு சக்கரம் இது. ஃபைண்டரில் தெரியும் கட்டங்களும் எண்களும் தெளிவாகும்வரை திருப்புங்கள். கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடு.

ஸ்விட்சை மாற்றாமல் வளையத்தைத் திருகுவது

சில லென்ஸ்களில் பற்சக்கரம் போய்விடும். முதலில் ஸ்விட்சை எம் (மேனுவல், கையால் ஃபோகஸ்) பக்கம் தள்ளுங்கள்.

கடைசிவரை திருகுவது

லேடீஸ் சீட்டில் நின்று சேலத்தின் இரவு விளக்குகளை எடுப்பவர்களுக்கு இது. வளையம் முட்டி நிற்கும் இடம் முடிவிலி (வெகுதூரப் பொருள் தெளிவாகும் இடம்) அல்ல. பல ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் அதைத் தாண்டியும் திரும்பும். ஒரு விளக்கை லைவ் வியூவில் பெருக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் இடத்தில் நிறுத்தி, வளையத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள்.