ஹார்ட் டிஸ்க் படிக்கவில்லையா? முதலில் கேபிளைக் கழற்றுங்கள்

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும், "இதைப் பயன்படுத்த முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் ஒரு பெட்டியைக் காட்டுகிறது. பதற்றத்தில் கை தானாகவே சம்மதப் பொத்தானுக்குப் போகும். போக விடாதீர்கள். கோப்புகளின் அட்டவணையைக் கணினியால் படிக்க முடியவில்லை என்பதுதான் அந்தச் செய்தியின் பொருள். கோப்புகளே அழிந்துவிட்டன என்பதல்ல. ரத்து செய்துவிட்டுக் கேபிளைக் கழற்றுங்கள். பழுதுக்குத் தப்பிய படங்களும் ஆவணங்களும், அடுத்த ஒரு மணி நேரத்து அவசரத்துக்குப் பலியாவதைப் பார்த்து வருந்தியவன் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் வேறு கேபிள், வேறு யுஎஸ்பி துளை என்று மாற்றிப் பார்ப்பதில் தவறில்லை. பழுது அங்கேயே இருந்து, அங்கேயே தீர்ந்துவிடுவதும் உண்டு. ஆனால் தனி அடாப்டர் தேவைப்படும் பெரிய டிஸ்க்குக்கு, முனை பொருந்துகிறதே என்று மடிக்கணினியின் அடாப்டரைச் செருகிவிடாதீர்கள். 12 வோல்ட் கேட்கும் டிஸ்க்குக்கு 19 வோல்ட் போனால் சர்க்யூட் போர்டு கருகிவிடும்.

மாற்றிச் செருகும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். சீரான சுழற்சி ஒலிக்குப் பதிலாக டக், டக், டக் என்று ஒரே இடைவெளியில் தட்டும் சத்தம் வந்து, பிறகு மோட்டார் அடங்கினால், படிக்கும் முனை தடம் தெரியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது என்று கொள்ளலாம். உள்ளே தட்டு நிமிடத்துக்கு 5400 முறையோ 7200 முறையோ சுழல்கிறது. அதற்குச் சில நானோமீட்டர் மேலே அந்த முனை மிதக்கிறது. ஒரு தலைமுடியின் தடிமனே பல்லாயிரம் நானோமீட்டர். சேதமான முனை தட்டில் உரசினால் காந்தப் பூச்சு சுரண்டப்பட்டுவிடும். தரவு இருப்பதே அந்தப் பூச்சில்தான். சுரண்டப்பட்டதை எந்த ஆய்வகத்தாலும் மீட்க முடியாது. "இன்னும் ஒரே ஒரு முறை போட்டுப் பார்ப்போமே" என்பதைவிடப் பெரிய தவறு இந்த நிலையில் இல்லை. அணைத்து வைத்த டிஸ்க் காத்திருக்கும். தூசியற்ற அறையில் திறந்து வேலை செய்யும் நிபுணரிடம் கொடுங்கள். நீங்கள் ஏற்கெனவே என்னென்ன முயன்றீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஃபிரீசரில் வைத்து எடுக்கும் பழைய யோசனை இன்னும் உலவுகிறது. வெளியே எடுத்ததும் ஈரம் தட்டின்மீது படியும். அதைச் செய்யாதீர்கள். அதே மாடலிலிருந்து சர்க்யூட் போர்டைக் கழற்றி மாட்டுவதும் இன்றைய டிஸ்க்குகளில் பெரும்பாலும் உதவாது. அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் பழைய போர்டின் சிப்பில் இருக்கின்றன. டிஸ்க்கின் வெளிப்பெட்டியை உடைத்து அதை நேரே கணினியில் இணைக்கும் முன்பும் யோசியுங்கள். சில மாடல்களில் நீங்கள் கடவுச்சொல்லே வைக்காவிட்டாலும், பெட்டிக்குள் இருக்கும் சிறு போர்டுதான் தரவைக் குறியாக்கம் செய்து பூட்டி வைக்கிறது. அதைத் தூக்கிப் போட்டால் சாவியையே தூக்கிப் போட்டதாகிவிடும்.

சத்தம் இல்லை, டிஸ்க் தெரிகிறது, ஆனால் கோப்புகள் திறக்கவில்லை என்றால் பலரும் ஓடுவது செக்டிஸ்க் கட்டளைக்கு. அதன் வேலை அட்டவணையை ஒழுங்காக்குவது; உங்கள் கோப்புகளைக் காப்பாற்றுவது அல்ல. பொருந்தாத பதிவுகளை வெட்டி எறிந்து, மிச்சத்தைப் பெயரில்லாத துண்டுகளாக ஒரு கோப்புறையில் போட்டுவிடும். மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் நிறுவுவதும், மீட்ட கோப்புகளை அதிலேயே சேமிப்பதும் இதே வகைத் தவறுகள்தாம். நீங்கள் தேடும் படத்தின் மீதே புதிய கோப்பு எழுதப்படலாம்.

சரியான வழி, எதையும் தேடுவதற்கு முன் முழு டிஸ்க்கையும் அப்படியே இன்னொன்றில் நகலெடுப்பது. இதற்கு ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரல் இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் விரைவாக எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் கடைசிக்கு ஒதுக்கிவைக்கும். எதைப் படித்தது, எது பாக்கி என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்வதால், நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்தக் கோப்பைக் குறிப்பிடாமலே கட்டளையைத் தொடங்கிவிட்டு, மறுநாள் முதலிலிருந்து ஆரம்பிக்கிறவர்கள் உண்டு; தளர்ந்த டிஸ்க்குக்கு அந்த இரண்டாவது சுற்று தாங்காமல் போகலாம். டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருள்களை நகலின் மீது மட்டும் ஓட்டுங்கள். ஃபோட்டோரெக் கோப்பின் உள்ளமைப்பை வைத்துத் தேடுவதால் பழைய பெயர்கள் கிடைக்காது. பெயர் போனதே என்று கலங்க வேண்டாம், படம் இருக்கும்.

எல்லாம் கிடைத்துவிட்டதாகத் தோன்றியதும் பழைய டிஸ்க்கை வீசிவிடாதீர்கள். படிக்க முடியாத பகுதிகள் நகலில் வெற்றிடமாகவே நிற்கும். அதனால் பட்டியலில் பெயரும் அளவும் சரியாக இருந்தும், வீடியோ பாதியில் நின்றுபோகலாம். முக்கியமான கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, வீடியோ என்றால் கடைசி நிமிடம்வரை ஓட்டிப் பாருங்கள். அதுவரை பழைய டிஸ்க் அலமாரியிலேயே இருக்கட்டும்.