தங்கூசி நூலும் ஒரு நட்டும்: வீட்டிலேயே புவியீர்ப்பை அளப்போம்

புவியீர்ப்பு என்றதும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லப்படுவது அப்பிள் கதைதான். நியூற்றனின் தலையில் அப்பிள் விழுந்தது, உடனே கண்டுபிடித்துவிட்டார் என்று கதை முடிந்துவிடும். ஆனால் பொருட்கள் கீழே விழும் என்பது அவருக்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். பனங்காய் விழுகிற காலத்தில் பனையடியில் விளையாடாதே என்று சொல்ல எந்த அம்மம்மாவுக்கும் நியூற்றன் தேவைப்படவில்லை. எவ்வளவு வேகமாக விழுகிறது, அந்த இழுப்பு எவ்வளவு தூரம் வரை எட்டும் என்பவைதான் தெரியாமல் இருந்தன. அளந்து பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். அதே அளவீடுகளை நீங்களும் வீட்டில் செய்யலாம்.

தேவையானவை அதிகமில்லை: கண்ணாடிப் போளைகள் சில, கடையில் விற்கும் தங்கூசி (நைலோன் மீன்பிடி நூல்), ஒரு பெரிய இரும்பு நட், அளவுநாடா, 2 மீற்றர் நீளமான மழைநீர்ப் பீலித் துண்டு, தையல் நூல், ஸ்ரொப்வோச் உள்ள போன், ஒரு கொப்பி. தரம் 6, 7 பிள்ளைகள் எல்லாப் படிகளையும் செய்யலாம். சின்னவர்களுக்கு முதல் இரண்டு படிகள் போதும். கதிரையில் ஏறும்போதும் ஆணி அடிக்கும்போதும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

படி 1: போட்டுப் பாருங்கள், காதால் கேளுங்கள்

நிலத்தில் ஒரு தகரத் துண்டைப் போடுங்கள். கதிரையில் ஏறி நின்று ஒரு கையில் போளையும் மறு கையில் மாங்காயும் பிடியுங்கள். இரண்டின் அடிப்பக்கமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் விடுங்கள். கண்ணை நம்ப வேண்டாம், முக்கால் செக்கனுக்குள் எல்லாம் முடிந்துவிடும். சத்தத்தைக் கேளுங்கள். இரண்டு கைகளையும் சரியாக ஒரே கணத்தில் திறந்திருந்தால் ஒரே ஒரு 'டங்' தான் கேட்கும்.

பாரமான பொருள்தான் வேகமாக விழும் என்று கிரேக்க அறிஞர் அரிஸ்ரோட்டில் எழுதியதை மக்கள் நெடுங்காலம் நம்பினார்கள். மாங்காயைப் பூமி பலமாக இழுப்பது உண்மைதான். ஆனால் மாங்காயை நகர்த்துவதும் அதே அளவுக்குக் கடினம். இரண்டும் சரிக்குச் சரியாகிவிடுவதால் மாங்காய்க்குப் போளையை முந்த வழியில்லை.

அப்போ கடதாசி ஏன் ஆடி ஆடி மெதுவாக இறங்குகிறது? வளி அதைத் தடுப்பதால். கொப்பியின் மட்டையை விடச் சற்றுச் சின்னதாக ஒரு கடதாசியை வெட்டி, கொப்பிக்கு மேலே வைத்து, கொப்பியைத் தட்டையாக விடுங்கள். கொப்பி வளியை விலக்கிக் கொடுக்க, கடதாசியும் கூடவே விழும். வளியே இல்லாத நிலாவில் இதைச் செய்து காட்டியவர் அப்பலோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்கொட். 1971 ஆம் ஆண்டு ஒரு சுத்தியலையும் ஒரு இறகையும் கமெராவுக்கு முன்னால் விட்டார். இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன.

படி 2: கலிலியோவின் சரிவு

எனக்கு மிகவும் பிடித்த படி இது. நேரே விழும் பொருளை அளக்க நேரம் போதாது என்பதால், இத்தாலியில் கலிலியோ சரிவான பலகையில் குழி வெட்டி அதில் உருண்டையை உருட்டினார். சரிவில் விழுதல் மெதுவாகிவிடும், அளக்க அவகாசம் கிடைக்கும். அவரிடம் ஸ்ரொப்வோச் இல்லை. ஒரு பாத்திரத்திலிருந்து மெல்லிய குழாய் வழியே ஓடி வந்த நீரை நிறுத்துத்தான் நேரத்தைக் கணித்தார்.

பீலியின் ஒரு முனையை ஒரு சாண் உயர்த்தி வையுங்கள். மேல் முனையைத் தொடக்கமாக எடுத்து 40, 80, 120, 160 சென்ரிமீற்றரில் பீலிக்குக் குறுக்கே தையல் நூல் கட்டுங்கள். நூல் மெதுவாகத் தொய்ந்திருக்க வேண்டும். போளை தட்டும்போது 'டிக்' என்று கேட்டால் போதும், போளையை மறிக்கக் கூடாது. இப்போது போளையைத் தள்ளாமல் விடுங்கள். டிக்... டிக்.. டிக். டிக் என்று சத்தங்கள் வரவர நெருங்கும். போளையின் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று அர்த்தம்.

அடுத்து நூல்களை அவிழ்த்து 10, 40, 90, 160 சென்ரிமீற்றரில் கட்டுங்கள். மறுபடி உருட்டுங்கள். இம்முறை கிட்டத்தட்ட அரைச் செக்கனுக்கு ஒன்றாக, தாளம் தப்பாமல் நான்கு டிக் கேட்கும்.

அந்த எண்களைப் பாருங்கள். 10 ஐ ஒரு பங்கு என்று வைத்தால் 1, 4, 9, 16. அதாவது 1×1, 2×2, 3×3, 4×4. நேரம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு, நேரம் மூன்று மடங்கானால் தூரம் ஒன்பது மடங்கு. விழுகிற பொருள் தன் இஷ்டத்துக்கு விழுவதில்லை, ஒரு கணக்கின்படிதான் விழுகிறது. கலிலியோ இதை 1638 இல் நூலாக வெளியிட்டார். பிள்ளைகளிடம் எண்களை முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். முதலில் தாளத்தைக் கேட்கட்டும்.

படி 3: தங்கூசி ஊசல்

வேகம் எவ்வளவு கூடுகிறது என்பதற்கு ஈர்ப்பு ஆர்முடுகல் என்று பெயர். அதை அளக்க ஓர் ஊசல் போதும்.

கதவு நிலையின் மேற்பக்கத்தில் ஓர் ஆணி அடித்து, தங்கூசியில் நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். மாமரக் கொப்பு வேண்டாம், காற்றில் கொப்பும் சேர்ந்து ஆடும். தங்கூசி பாரத்தில் சற்று இழுபடுவதால் நட்டைத் தொங்கவிட்ட பிறகுதான் அளக்க வேண்டும். ஆணியிலிருந்து நட்டின் நடுப்பகுதி வரை சரியாக 1 மீற்றர் இருக்கட்டும்.

நட்டை ஒரு பக்கம் பத்துச் சென்ரிமீற்றர் மட்டும் இழுத்து விடுங்கள். போய்த் திரும்பி வருவது ஓர் அலைவு. ஸ்ரொப்வோச்சை அமத்தும் கணத்தில் 'பூச்சியம்' என்று சொல்லி எண்ணத் தொடங்குங்கள், 'ஒன்று' என்று அல்ல. 20 வரை எண்ணி நிறுத்துங்கள். நேரத்தை 20 ஆல் வகுத்தால் ஓர் அலைவுக்கான நேரம் வரும். அதை அதனாலேயே பெருக்குங்கள். 39.48 ஐ அந்த விடையால் வகுங்கள். நீளம் 1 மீற்றராக இருந்தால்தான் இந்தச் சுருக்கக் கணக்குச் சரிவரும்.

20 அலைவுக்கு 40.2 செக்கன் வந்தது என்று வையுங்கள். ஓர் அலைவு 2.01. 2.01 × 2.01 = 4.04. 39.48 ÷ 4.04 = 9.77. விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு செக்கனுக்கும் செக்கனுக்கு 9.77 மீற்றரால் கூடுகிறது.

உங்களுக்கு 9.6 க்கும் 9.95 க்கும் இடையில் ஏதாவது வந்தால் நல்ல அளவீடுதான். 10.9 கிட்ட வந்தால் 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கியிருப்பீர்கள், உண்மையில் 19 அலைவுகள்தான் ஆகியிருக்கும். 9.5 கிட்ட வந்தால் நீளத்தை மறுபடி அளந்து பாருங்கள், மூன்று சென்ரிமீற்றர் கூடியிருக்கலாம்.

பாடப் புத்தகத்தில் 9.81 என்று பார்த்திருப்பீர்கள். யாழ்ப்பாணத்தின் உண்மையான பெறுமானம் ஏறத்தாழ 9.78. பூமி சுழல்வதாலும் மத்திய கோட்டுப் பக்கம் சற்று வீங்கியிருப்பதாலும் நம் பக்கம் இழுப்புக் கொஞ்சம் குறைவு, துருவங்களில் அதிகம். இதையும் முதலில் காட்டிக்கொடுத்தது ஊசல்தான். 1672 இல் ஜான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் தென்னமெரிக்காவின் கயேன் நகருக்குப் போனார். பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பிந்தியது. அதே கடிகாரத்தை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்திருந்தாலும் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் பிந்தியிருக்கும்.

படி 4: நிலா விழுகிறதா?

இனி அப்பிளுக்கு வரலாம். 1665 இல் கொள்ளைநோயால் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகம் மூடப்பட, இளைஞரான நியூற்றன் ஊருக்குத் திரும்பினார். அங்கே அப்பிள் விழுவதைக் கண்டு யோசித்ததாக முதுமையில் நண்பரிடம் அவரே சொல்லியிருக்கிறார். தலையில் விழுந்தது என்பது பிறகு ஒட்டிக்கொண்டது. அவருடைய கேள்வி இதுதான்: மரத்தின் உச்சிவரை எட்டும் இழுப்பு நிலா வரைக்கும் எட்டாதா?

கொப்பியை எடுங்கள். நிலத்துக்கு அருகில் ஒரு பொருள் முதல் செக்கனில் 4.9 மீற்றர் விழும். பூமியின் நடுவிலிருந்து நமக்கு உள்ள தூரத்தைப் போல் 60 மடங்கு தூரத்தில் நிலா இருக்கிறது. தூரம் 60 மடங்கானால் இழுப்பு 60×60, அதாவது 3600 இல் ஒரு பங்காகும் என்பது நியூற்றனின் எண்ணம். 4.9 மீற்றரை 3600 ஆல் வகுத்தால் 1.4 மில்லிமீற்றர் வரும்.

நிலா உண்மையிலேயே அப்படி விழுகிறது! ஒரு செக்கனில் அது ஏறத்தாழ 1 கிலோமீற்றர் பக்கவாட்டாக ஓடுகிறது. நேரே ஓடியிருந்தால் பூமியை விட்டுப் போயிருக்கும். அந்த 1 கிலோமீற்றருக்குள் 1.4 மில்லிமீற்றர் பூமிப் பக்கம் வளைகிறது. விழுந்துகொண்டே இருக்கிறது, ஆனால் பக்கவாட்டு ஓட்டம் இருப்பதால் பூமியில் மோதாமல் சுற்றி வருகிறது. மாங்காயை விழுத்தும் அதே விசைதான் நிலாவையும் பிடித்து வைத்திருக்கிறது என்று காட்டியதே பெரிய கண்டுபிடிப்பு. நியூற்றனின் நூல் 1687 இல் வெளியானது. அச்சுச் செலவைக் கொடுத்தவர் வானியலாளர் எட்மண்ட் ஹலி.

நிலாவும் நம்மை இழுக்கிறது. பறுவத்தையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில் பண்ணைக் கடற்கரையில் வற்றுப்பெருக்கைக் கவனியுங்கள். அந்த நாட்களில் சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் இழுப்பதால் ஏற்ற இறக்கம் கூடும்.

ஏன் இழுக்கிறது என்று நியூற்றன் சொல்லவில்லை. திணிவு வெளியையும் நேரத்தையும் வளைக்கிறது என்று 1915 இல் ஐன்ஸ்ரைன் விளக்கினார். 1919 சூரிய கிரகணத்தில் அதற்குச் சான்று கிடைத்தது. இறுக்கிக் கட்டிய துணியில் பந்தை வைத்து இதைக் காட்டும் வழக்கம் உண்டு. சிறுவர்களுக்கு நான் அதைக் காட்டுவதில்லை. துணியில் பந்து பள்ளத்துக்குள் உருள்வதே புவியீர்ப்பால்தானே, பிள்ளை அதைக் கேட்டால் பதில் இராது.

படி 5: பூமியை நிறுப்போம்

பூமி மட்டும் இழுப்பதில்லை. திணிவுள்ள எதுவும் எதையும் இழுக்கும். மேசையில் உள்ள இரண்டு தேங்காய்களும் ஒன்றையொன்று இழுக்கின்றன. ஆனால் அந்த இழுப்பு ஒரு நுளம்பின் நிறையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. இவ்வளவு சின்ன விசையை 1798 இல் லண்டனில் ஹென்றி கவண்டிஷ் அளந்தார். மெல்லிய கம்பியில் ஒரு தண்டைத் தொங்கவிட்டு, அதன் இரு முனைகளிலும் சின்ன ஈயக் குண்டுகள் கட்டி, ஒவ்வொன்றும் 158 கிலோகிராம் உள்ள பெரிய ஈயக் குண்டுகளைப் பக்கத்தில் கொண்டுவந்தார். கம்பி இம்மியளவு முறுகியது. தன் உடலின் சூடு வளியைக் கலக்கிவிடும் என்று அறைக்கு வெளியே நின்று தொலைநோக்கி வழியாகப் பார்த்தார்!

அந்தப் பரிசோதனையிலிருந்து நமக்குக் கிடைப்பது ஈர்ப்பு மாறிலி, அதாவது இழுப்பைக் கணிக்க உதவும் மாறாத எண்: 0.0000000000667. பூமியின் ஆரை 6370000 மீற்றர். இரண்டையும் உங்கள் ஊசல் தந்த எண்ணோடு சேர்த்தால் பூமியின் திணிவு வரும். ஆர்முடுகலை ஆரையால் இரண்டு தரம் பெருக்கி, மாறிலியால் வகுக்க வேண்டும்.

போன் கல்குலேற்றரில் பூச்சியங்களை விட்டுவிட்டுப் போடுங்கள்: 9.77 × 6.37 × 6.37 ÷ 6.67. விடை 59.4. இனி விட்ட இடங்களைச் சேர்ப்போம். ஆரையில் ஆறு இடம், இரண்டு தரம் பெருக்கியதால் பன்னிரண்டு. மாறிலியில் பதினொன்று. மொத்தம் 23. ஆகவே தசமப் புள்ளியை 23 இடம் வலப்பக்கம் நகர்த்துங்கள். ஏறத்தாழ 6 எழுதி 24 பூச்சியம் போட்டால் வரும் கிலோகிராம். விஞ்ஞானிகள் சொல்லும் பெறுமானம் 5.97, நீங்கள் கண்டது 5.94. உங்கள் ஊசல் வேறு எண் தந்திருந்தால் 9.77 இருக்கும் இடத்தில் அதைப் போட்டுக் கணக்கை மறுபடி செய்யுங்கள்.