ஜாங்கோவில் பாஸ்வேர்ட் லாகினை நிறுத்துகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

எஸ்எஸ்ஓவுக்கு (ஒரே லாகினில் கம்பெனியின் எல்லா ஆப்களுக்குள்ளும் நுழையும் முறை) மாறும் ஜாங்கோ (பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்) ப்ராஜெக்ட்களை ரிவ்யூ செய்யும்போது, எங்கள் டீமில் முன்பு நடந்த அதே தவறுகளைப் புதியவர்களும் செய்வதைப் பார்க்கிறேன்.

பாஸ்வேர்ட் ஃபீல்டைக் காலியாக்குவது

இதைப் பார்த்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது. பாஸ்வேர்ட் வேண்டாம், சரி, அந்த இடத்தைக் காலி செய்தால் போதும் என்று டேட்டாபேஸில் கை வைக்கிறார்கள். பழைய பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்தால் லாகின் ஆகாது. உடனே டிக்கெட்டை மூடிவிடுகிறார்கள்.

ஆனால் ஜாங்கோ 2.1 முதல், காலி ஃபீல்டு 'பயன்படுத்த முடியாத பாஸ்வேர்ட்' என்ற கணக்கில் வராது. 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா?' என்று கேட்டால் ரீசெட் லிங்க் மெயிலில் போய்விடும்.

ஓர் இடத்தில் அப்படித்தான் நடந்தது. காண்ட்ராக்டில் இருந்தவரின் அக்கவுன்ட் அவருடைய சொந்த மெயில் ஐடியில் இருந்தது. அவர் விலகியதும் எஸ்எஸ்ஓவிலிருந்து நீக்கினார்கள். பிறகு ஏதோ ஒரு பழைய ஃபைலுக்காக ரீசெட் கேட்டவர், புதுப் பாஸ்வேர்ட் வைத்து நேராக உள்ளே வந்துவிட்டார். "என் அக்கவுன்ட் இன்னும் வேலை செய்யுதே சார்" என்று அவரே போன் செய்ததால்தான் விஷயம் தெரிந்தது. எல்லோரும் அப்படிப் போன் செய்ய மாட்டார்கள்.

பாஸ்வேர்ட் லாகினை நிறுத்துவதற்கென்றே ஜாங்கோவில் இருப்பது செட்_அன்யூசபிள்_பாஸ்வேர்ட் என்ற ஃபங்ஷன். அது ஃபீல்டில் ஓர் ஆச்சரியக்குறியையும் அதன் பின்னால் 40 ரேண்டம் எழுத்துகளையும் எழுதும். எதை டைப் செய்தாலும் அதோடு பொருந்தாது. ஜாங்கோவின் ரீசெட் ஃபார்மும் அந்த யூசருக்கு மெயில் அனுப்பாது. லாகின் பக்கத்தோடு நிறுத்தாமல் ரீசெட் பக்கத்தையும் சோதித்துப் பாருங்கள்.

செட்_பாஸ்வேர்டுக்குக் காலி ஸ்ட்ரிங்கைக் கொடுப்பது இதைவிட மோசம். அந்தக் காலி ஸ்ட்ரிங்கையே ஹாஷ் செய்து (திரும்ப எடுக்க முடியாத குறியீடாக மாற்றி) சேமித்துவிடும். காலிதான் சரியான பாஸ்வேர்ட் என்றாகிவிடும். ஜாங்கோவின் லாகின் ஃபார்ம் காலியை ஏற்காது. நீங்கள் எழுதிய ஏபிஐ?

செட்_அன்யூசபிள்_பாஸ்வேர்டை ஒவ்வொரு லாகினிலும் அழைப்பது

அந்த 40 எழுத்துகள் ஒவ்வொரு முறையும் மாறும். செஷனைச் சரிபார்க்கும் ஹாஷ் பாஸ்வேர்ட் ஃபீல்டிலிருந்துதான் உருவாகிறது. ஆகவே லேப்டாப்பில் நுழைந்தால் போனில் லாக்அவுட் ஆகும். ஹாஸ்_யூசபிள்_பாஸ்வேர்ட் ட்ரூ என்றால் மட்டும் அழையுங்கள்.

சேவ் செய்யாமல் விடுவது

செட்_அன்யூசபிள்_பாஸ்வேர்ட் தானாக டேட்டாபேஸில் சேமிக்காது.

இஸ்_ஆக்டிவை அணைப்பது

அக்கவுன்ட் இயங்கலாமா என்பதைச் சொல்லும் ஃபீல்டு இது. அதை அணைத்தால் அந்த யூசர் எஸ்எஸ்ஓ வழியாகவும் உள்ளே வர முடியாது. பாஸ்வேர்டை மட்டும் நிறுத்த, ஜாங்கோ 5.1 முதல் அட்மின் பக்கத்திலேயே வசதி இருக்கிறது.

ஏபிஐ டோக்கன்களை மறப்பது

பாஸ்வேர்ட் போனாலும், அதற்குப் பதிலாக ப்ரோக்ராம்கள் காட்டும் பழைய டோக்கன் வேலை செய்துகொண்டிருக்கும். தனியாக அழியுங்கள்.