சிவில் ரைட்ஸ் ஆபீஸ்ல கிராஃபிக் ஆர்ட்டிஸ்ட்டா சேர்றவங்களுக்கு

அமெரிக்காவுல பாகுபாடு புகாரை விசாரிக்கிறதுக்குன்னே அரசு ஆபீஸ்கள் இருக்கு. எல்லாருக்கும் தெரிஞ்சது ஈஈஓசி (சம வேலைவாய்ப்பு ஆணையம்), 1964 சிவில் ரைட்ஸ் சட்டத்துல உருவாகி 1965 ஜூலைல வேலையை ஆரம்பிச்சது, அது வேலை சம்பந்தப்பட்ட புகாரை மட்டும் பாக்கும், அதுபோக பெரும்பாலான மாநிலங்கள்லயும் நியூயார்க் மாதிரி நகரங்கள்லயும் தனி ஆபீஸ் உண்டு. போஸ்டர், பிரோஷர், வருஷாந்திர ரிப்போர்ட், சோஷியல் மீடியா படம்னு இவங்களுக்கும் ஆள் வேணும். ஃபெடரல், அதாவது மத்திய அரசு வேலைன்னா, அதுக்கான யூஎஸ்ஏஜாப்ஸ் சைட்ல கிராஃபிக் டிசைனர்னு மட்டும் தேடாதீங்க, அங்க இந்த வேலைக்குப் பேரு விஷுவல் இன்ஃபர்மேஷன் ஸ்பெஷலிஸ்ட், சீரீஸ் நம்பர் 1084, அந்த நம்பரைப் போட்டா நேரா வந்துடும். ஃபெடரல்ல பெரும்பாலும் அமெரிக்க சிட்டிசனா இருக்கணும், மாநில நகர ஆபீஸ்கள்ல ரூல் வேற வேற, அறிவிப்பை முழுசா படிச்சுட்டு அப்ளை பண்ணுங்க.

சேர்ந்ததும் முதல்ல மனசுல வைக்க வேண்டியது, நம்ம போஸ்டரைப் படிக்கப் போறது யாருங்கறது. பிரேக் ரூம் சுவத்துல ஒட்டியிருக்கும், படிக்கிறவங்க ஏற்கனவே பயந்து போயிருப்பாங்க, சூப்பர்வைசர் வந்துடுவாரோன்னு ஒரு கண்ணு கதவு மேல இருக்கும், அரை நிமிஷம்தான் நிப்பாங்க. அந்த அரை நிமிஷத்துல மூணு விஷயம் போய்ச் சேரணும்: எனக்கு நடந்தது சட்டப்படி தப்பா, யார்கிட்ட போகணும், எத்தனை நாளுக்குள்ள போகணும். இந்த மூணாவதைத்தான் நிறைய பேர் அடியில பொடி எழுத்துல போட்டுடுறாங்க, எனக்கு அதைப் பாத்தாலே கோவம் வரும். ஈஈஓசில புகார் குடுக்க பொதுவா 180 நாள், அதே மாதிரி சட்டத்தை அமல்படுத்துற மாநில, உள்ளூர் ஆபீஸ் இருந்தா 300 நாள் (வயசு பாகுபாடுன்னா மாநில சட்டமும் மாநில ஆபீஸும் இருந்தாதான் 300, உள்ளூர்ல மட்டும் இருந்தா போதாது). அதைத் தாண்டிட்டா எவ்வளவு நியாயமான கேஸா இருந்தாலும் கிட்டத்தட்ட போச்சு, அதனால தலைப்புக்கு அடுத்து பெருசா தெரிய வேண்டியது அந்த நாள் கணக்கும் போன் நம்பரும்தான், நம்ம லோகோ இல்ல.

பழகிக்க நல்ல வழி ஒண்ணு இருக்கு. 15 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற கம்பெனிங்க கட்டாயம் ஒட்டணும்னு ஈஈஓசி ஒரு போஸ்டர் வச்சிருக்கு, அதை 2022 அக்டோபர்ல மாத்தினாங்க, பழசு பத்தி பத்தியா சட்ட வாசகம், புதுசுல எளிமையான வரிகள், சின்னச் சின்ன பாயிண்ட், க்யூஆர் கோடு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எதை வெட்டினாங்க, எதை மேல கொண்டு வந்தாங்கன்னு வரி வரியா பாருங்க. ஆனா நீங்களா ஒரு வார்த்தையைக்கூட வெட்டிடாதீங்க, இடம் பத்தலன்னா லீகல் டீம்கிட்ட கேளுங்க, அவங்க சொல்றது சில சமயம் எரிச்சலா இருக்கும், ஆனா ஒரு வார்த்தை விட்டுப்போனா தனக்கு உரிமையே இல்லன்னு ஒருத்தர் நெனச்சுக்கிட்டு திரும்பிப் போயிடலாம்.

படத்துக்கு வருவோம். ஸ்டாக் போட்டோ வாங்கும்போது லைசென்ஸ்ல சென்சிட்டிவ் யூஸ்னு ஒரு பகுதி இருக்கும், அதைப் படிங்க, பாலியல் தொல்லை போஸ்டர்ல ஒரு மாடல் பொண்ணு முகத்தைப் போட்டா பாக்குறவங்க அவங்களுக்கே நடந்ததுன்னு நெனப்பாங்க, அதனால தடை இருக்கும், இல்லன்னா இவர் மாடல்தான்னு குறிப்பு போடணும். எனக்குக் கேட்டா வரையறதுதான் நல்லது. வரையும்போது தலையில கைய வச்சு மூலையில உக்காந்திருக்கற உருவம் வேண்டாம், அந்த உருவத்துல தன்னைப் பாக்க யாருக்கும் பிடிக்காது. வீல்சேர்ல இருக்கறவரை வெல்டிங் பண்றவரா, கணக்கு பாக்குறவரா வரைங்க. 2020ல நியூயார்க் நகர மனித உரிமை கமிஷனோட சேர்ந்து அமண்டா பிங்போதிபக்கியாங்கற ஓவியர் பண்ண போஸ்டர்களைத் தேடிப் பாருங்க, ஆசியர்கள் மேல தாக்குதல் நடந்துட்டு இருந்த நேரம், அவங்க வரைஞ்சது பளீர் கலர்ல, பூக்களோட, நிமிர்ந்து பாக்குற முகங்க, அதை சப்வே ஸ்டேஷன்ல வச்சாங்க. அதே சமயம் முதலாளியை வில்லனாவும் வரையக்கூடாது, இந்த ஆபீஸ் விசாரிக்கிற ஆபீஸ், ரெண்டு பக்கமும் நம்பணும்.

ரிப்போர்ட் சார்ட்ல ஒரு கண்ணி இருக்கு. ஒரே புகார்ல ஒருத்தர் இனம், பாலினம், புகார் சொன்னதுக்குப் பழிவாங்கல் மூணையும் டிக் பண்ணலாம், அதனால சதவீதத்தைக் கூட்டினா 100ஐத் தாண்டிடும், அதைப் பை சார்ட்டா போட்டா படம் பொய் சொல்லும், பார் சார்ட் போடுங்க. இன்னொண்ணு, சின்ன ஊர்ல ஒரு வகைல ஒரே ஒரு புகார்னு மேப்ல புள்ளி வச்சா யாருன்னு ஊருக்கே தெரிஞ்சிடும். புகார் விவரத்தை வெளிய விடுறது ஈஈஓசி ஊழியருக்கு சட்டப்படி குற்றம், அதனால சின்ன எண்ணா இருந்தா வேற எண்ணோட சேத்துப் போடலாமான்னு டேட்டா ஆளுங்ககிட்ட கேட்டுடுங்க, நிஜ கேஸை வச்சு காமிக் வரையறதும் வேண்டாம்.

ஃபெடரல்ல செக்‌ஷன் 508ன்னு ஒரு சட்டம், டிஜிட்டலா வெளியிடுற எதையும் மாற்றுத்திறனாளிகளும் படிக்க முடியணும். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், அதான் கான்ட்ராஸ்ட், சாதா எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. பிடிஎஃப்ல டேக் (இது தலைப்பு, இது பத்தின்னு சொல்ற குறி), ரீடிங் ஆர்டர் (படிக்கிற வரிசை), படத்துக்கு ஆல்ட் டெக்ஸ்ட் (படத்தை விவரிக்கிற வரி) எல்லாம் இருக்கணும், இதையெல்லாம் சோதிக்கிற செக்கர்ல பச்சை டிக் வந்துடுச்சுன்னு விட்டுடாதீங்க, திரையில இருக்கறதை வாசிச்சுக் காட்டுற என்விடிஏ சாஃப்ட்வேர் இலவசமா கிடைக்குது, போட்டு கண்ண மூடிட்டு கேளுங்க, ரெண்டு காலம் பக்கத்தை குறுக்கால படிச்சு இடது பக்க வரியும் வலது பக்க வரியும் கலந்து வந்தா அப்ப தெரியும்.

மொழிபெயர்ப்புக்கு முதல் டிராஃப்ட்லயே இடம் விடுங்க, ஸ்பானிஷ் இங்கிலீஷைவிட நீளும், அரபி வலமிருந்து போகும்போது லேஅவுட்டையே திருப்பணும். நம்ம தமிழை இன்டிசைன்ங்கற லேஅவுட் சாஃப்ட்வேர்ல, எழுத்தை அடுக்கற சாதா கம்போசர் செட்டிங்ல ஒட்டினா கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போய் நிக்கும், 'கெ' உடைஞ்சு ககரம் தனியா கொம்பு தனியா தெரியும், வேர்ல்ட்-ரெடி கம்போசருக்கு மாத்தினா சரியாயிடும். மொழி தெரியாத டிசைனருக்கு இது கண்ணுலயே படாது, அதனால கடைசி ஃபைலை அந்த மொழி படிக்கிறவங்க ஒருத்தர் பாத்தே ஆகணும்.

போர்ட்ஃபோலியோ பத்தி கவலை வேண்டாம், ஃபெடரல் ஊழியரா வேலையில பண்ணதுக்கு அமெரிக்காவுல காப்பிரைட் கிடையாது, வெளியானதைக் காட்டலாம், மாநில ஆபீஸ்னா கேட்டுக்கோங்க. அப்புறம் ஒவ்வொரு போஸ்டரையும் ரிலீஸுக்கு முன்னாடி சாதா லெட்டர் சைஸ் பேப்பர்ல, கலர் இல்லாம, ஆபீஸ் பிரிண்டர்ல எடுத்துப் பாருங்க, நிறைய கம்பெனிங்க அப்படித்தான் எடுத்து ஒட்டும், அதுல போன் நம்பர் சாம்பல்ல கரைஞ்சு போனா கலரை மாத்திட்டு திரும்ப எடுங்க.