மசமுனே என்பது வாளின் பெயர் இல்லை: கேம் ஆயுதப் பெயர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபைனல் ஃபேன்டஸி 7 விளையாடிய யாரிடமும் மசமுனே என்று சொல்லிப் பாருங்கள், அதன் வில்லன் செபிராத் கையில் அவன் உயரத்தையும் தாண்டி நீளும் அந்த வாளைத்தான் சொல்வார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன். மசமுனே ஒரு மனிதர். 13ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், ஜப்பானின் சகாமி மாகாணத்தில் காமகுரா பக்கம் உலை மூட்டி இரும்பு அடித்த கொல்லர். அவர் கையால் செய்த வாள்கள் பல உண்டு. அவற்றில் ஒன்றான ஹொன்ஜோ மசமுனே என்றால் ஹொன்ஜோ என்ற தளபதியிடம் இருந்த மசமுனே என்று பொருள், அவ்வளவுதான். அந்த வாள் பிறகு ஜப்பானை ஆண்ட தோகுகாவா குடும்பத்தின் பரம்பரைச் சொத்தாகி, 1939இல் தேசியப் பொக்கிஷமாகி, போரில் தோற்றபின் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்ன 1945 டிசம்பரில் தோக்கியோவின் மெஜிரோ காவல் நிலையத்தில் கொடுக்கப்பட்டது. அதற்கப்புறம் அதை யாரும் பார்க்கவில்லை.

இந்தப் பெயர்களைப் பற்றி இப்போது தமிழில் நிறையப் பேர் வீடியோ போடுகிறார்கள், எழுதுகிறார்கள். எனக்கு அதில் உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் திரும்பத் திரும்ப அதே சில தவறுகள் வருகின்றன, பெரும்பாலும் ஒரே காரணத்தால்: ஒரு ஜப்பானிய வாள்பெயர் எதைச் சொல்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் விடுகிறோம். அது ஆயுதத்தின் வகையாக இருக்கலாம், செய்தவர் பெயராக இருக்கலாம், இல்லை அந்த வாள் செய்த காரியத்தால் வந்த பட்டப்பெயராக இருக்கலாம். தோஜிகிரி யசுத்சுனாவை எடுத்துக்கொள்ளுங்கள். யசுத்சுனா கொல்லர். தோஜிகிரி என்றால் தோஜியை வெட்டியது. ஷூத்தென் தோஜி என்ற அரக்கனின் தலையை மினமோத்தோ நோ யோரிமித்சு இந்த வாளால்தான் சீவினார் என்பது கதை. வாள் இப்போது தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பெயர் 'கிரி' என்று முடிந்தால் அங்கே வெட்டு விழுந்த ஒரு கதை இருக்கும். ஹெஷிகிரி ஹசெபே என்ற பெயரைப் பாருங்கள். தப்பு செய்த ஒரு தேநீர்ப் பணியாளர் அலமாரிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ள, வாளை ஓங்க இடமில்லாத அந்தச் சந்தில், போர்த்தலைவர் நொபுனாகா வாளை வைத்து அழுத்தியே அவரை வெட்டினார் என்று சொல்வார்கள். ஹெஷிகிரி என்றால் அழுத்தி வெட்டுவது. ஒரே சொல்லில் அந்த அறையின் இருட்டும் நெருக்கமும் வந்துவிடுகிறது. இதை வெறுமனே 'நொபுனாகாவின் பலமான கத்தி' என்று எழுதிவிட்டுப் போனால் மனசு கேட்பதில்லை.

அதிகம் தப்பாகச் சொல்லப்படுவது முரமசா விஷயம். டெரேரியாவில் நிலவறைக்குள் கிடைக்கும் நீல வாள் முதல் எத்தனையோ கேம்களில் இந்தப் பெயர் வருகிறது, பல இடங்களில் சாபத்தோடு சேர்ந்தே வருகிறது. வழக்கமான கதை இது: மசமுனே குரு, முரமசா சீடன், இருவரும் வாள்களை ஓடையில் நட்டார்கள், சீடனின் வாள் மிதந்து வந்த இலையையெல்லாம் வெட்டியது, குருவின் வாளைத் தொடாமல் இலைகள் விலகிப் போயின. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இசே மாகாணத்துக் குவானாவில் இருந்த முரமசாவின் ஆண்டு பொறித்த வாள்களில் பழையது 1501ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நடுவில் கிட்டத்தட்ட 200 வருஷம். இவர்கள் சந்தித்திருக்கவே முடியாது.

சாபத்துக்கு வருவோம். தோகுகாவா ஆட்சியை நிறுவிய இயேயாசுவின் தாத்தா 1535இல் முரமசா வாளால் வெட்டுப்பட்டு இறந்தார், 1579இல் இயேயாசுவின் மகன் நொபுயாசு வயிற்றைக் கிழித்துக்கொண்டபோதும் முரமசாதான் பயன்பட்டது என்பார்கள். அதனால் முரமசா தோகுகாவா வம்சத்தைக் கொல்லும் வாள் என்ற பேச்சு கிளம்பியது. வரைபடத்தைத் திறந்து பாருங்கள். தோகுகாவாக்களின் சொந்த ஊரான மிகாவாவும் முரமசாவின் இசேயும் ஒரு வளைகுடாப் பக்கம் அருகருகே இருக்கும் மாகாணங்கள். மிகாவா வீரர்களுக்கு முரமசா உள்ளூர்ச் சரக்கு, எல்லார் இடுப்பிலும் அதுதான் இருந்திருக்கும், அப்புறம் வெட்டுக்குத்து நடந்தால் அதுதானே உருவப்படும்? இயேயாசுவின் உடைமையாக இருந்த முரமசா ஒன்று இன்றும் நகோயாவில் தோகுகாவா கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருடைய உயிருக்குயிரான தளபதி ஹொண்டா ததகத்சுவின் தொம்போகிரி ஈட்டியைச் செய்த மசசானே, முரமசா வழியில் வந்த கொல்லர். (கூரில் வந்து உட்கார்ந்த தும்பி இரண்டாகிப் போனதால் அந்த ஈட்டிக்கு அந்தப் பெயர்.) சாபத்தை நம்பிய வீட்டில் இதெல்லாம் நடக்காது. பிற்காலத்தில் பயம் வேர்விட்டது உண்மைதான். மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்துப் பிடியைக் கழற்றினால் உள்ளே செருகியிருக்கும் அடிப்பகுதியில் கொல்லர் தன் பெயரை உளியால் வெட்டியிருப்பார். அந்த எழுத்துகளைச் சிலர் அராவி அழித்தே விட்டார்கள்.

இதனோடு எழுத்துக் குழப்பம் ஒன்றும் உண்டு. முரசமே வேறு, முரமசா வேறு. முரசமே என்றால் சட்டென்று பெய்து ஓயும் மழை. 19ஆம் நூற்றாண்டில் பாகின் எழுதிய, 106 தொகுதிகள் ஓடும் எட்டு நாய்வீரர்களின் நாவலில் வரும் கற்பனை வாள் அது. வெட்ட வெட்ட அதிலிருந்து நீர் சுரந்து ரத்தத்தைக் கழுவிவிடும். முரசமா என்பது மூன்றாவது. 1981இல் அமெரிக்காவில் வந்த விசார்ட்ரி கேமில் முரமசாவின் எழுத்துகள் இடம் மாறி முரசமா ஆனது. அந்தக் கேம் ஜப்பானில் பெரிதாக ஓடியது. 2013இல் வந்த மெட்டல் கியர் ரைசிங்கில் சாம் வைத்திருக்கும் வாளின் பெயரும் முரசமாதான். அதை எழுத்துப்பிழை என்று திருத்தாதீர்கள், கேமில் அதுவே பெயர்.

குசனாகி என்ற புராண வாளைக் கத்தானா என்று எழுதாதீர்கள். எட்டுத்தலைப் பாம்பின் வாலை சுசனோ என்ற தெய்வம் அறுத்தபோது கிடைத்ததாக 712இல் தொகுக்கப்பட்ட கோஜிகி என்ற பழைய நூல் சொல்லும் வாள் அது, பிற்பாடு இளவரசர் யமாத்தோ தகேரு அதனால் எரியும் புல்லை வெட்டித் தப்பித்ததாகக் கதை. அது த்சுருகி, அதாவது நேரான, இருபுறமும் கூருள்ள பழங்காலத்து வாள். வளைந்த கத்தானா வருவதற்குப் பல நூற்றாண்டு முன்னால் நடக்கும் கதை. அத்சுதா கோயிலில் இருப்பதாகச் சொல்லப்படும் அதை யாருக்கும் காட்டுவதில்லை. அதேபோல் தொத்சுகா நோ த்சுருகி என்பதும் ஒரு தனி வாள் இல்லை. பத்துப் பிடி நீள வாள் என்று அர்த்தம், நம் ஊரில் சாண், முழம் என்று அளப்பது மாதிரி. கோஜிகியில் ஒன்றுக்கு மேற்பட்ட தெய்வங்களிடம் அந்த நீள வாள் இருக்கிறது.

கத்தானாவுக்கும் தாச்சிக்கும் வித்தியாசம் கூர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதிலேயே தெரியும். கூர் கீழே இருக்கும்படி இடுப்பிலிருந்து தொங்குவது தாச்சி, கூர் மேலே இருக்கும்படி இடுப்புப் பட்டைக்குள் செருகுவது கத்தானா. அருங்காட்சியகக் கண்ணாடிக்குள்ளும் பெரும்பாலும் அப்படியே வைப்பார்கள். கோஸ்ட் ஆஃப் த்சுஷிமா கேம் நடக்கும், மங்கோலியர் படையெடுத்து வந்த 1274இல் குதிரைவீரன் கட்டியிருந்தது தாச்சி. கத்தானா பரவியது அதற்கு வெகுகாலம் கழித்து. கேம் அப்படி வைத்ததில் எனக்கு வருத்தமில்லை, அதை வைத்துக்கொண்டு மங்கோலியரைக் கத்தானா விரட்டியது என்று வரலாறு எழுதுவதுதான் கூடாது. அப்புறம், ஓசை ஒத்துப்போகிறது என்பதற்காக நம் கத்திதான் கத்தானா ஆனது என்றும் எழுத வேண்டாம். 'கத்த' ஒரு பக்கம், 'ன' கூர், ஒரு பக்கம் மட்டும் கூருள்ளது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

நிஞ்சா ஆயுதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாய் (முள் கரண்டி மாதிரி மூன்று முனை உள்ளது), நுஞ்சாக்கு (சேர்த்துக் கட்டிய இரண்டு கம்பு), தொன்ஃபா (பக்கப் பிடி வைத்த தடி) மூன்றும் நிஞ்சாக்களுடையவை இல்லை, ஒகினாவாத் தீவுகளின் ரியுக்யூ மரபு. குனாய் கொத்தனார் கரணை மாதிரியான கருவி, வீசி எறிவதற்கென்று பிறந்ததில்லை. நேரான நிஞ்சா வாளுக்கு 20ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய சான்று கிடையாது.

சில பெயர்கள் வேடிக்கைக்கு வைத்தது போலத் தோன்றும். டார்க் சோல்ஸில் வாஷிங் போல் என்ற நீளமான வாளைப் பார்த்துவிட்டு மொழிபெயர்ப்புக் கோளாறு என்று எழுதியவர்கள் உண்டு. சசாகி கோஜிரோ 1612இல் வாள்வீரர் முசாஷியோடு மோதியபோது வைத்திருந்ததாகச் சொல்லப்படும் நெடுவாளின் பட்டப்பெயர் மொனொஹொஷிசாவோ, அதாவது துணி காயப்போடும் கழி. கேம்காரர்கள் அதை அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்கள். மறுபக்கம், செகிரோ கேமின் குசபிமாருவுக்கும் ஃபுஷிகிரிக்கும் பழங்கதை தேடாதீர்கள். பெயர் வைக்கும் முறைதான் பழசு, வாள்கள் கற்பனை.

கேமில் வருவதெல்லாம் கதைதானே என்று ஒதுக்குவதும் தவறுதான். 1336இல் போரில் தோற்றுத் திரும்பிய அசோ கொரெசுமி என்ற வீரரின் கனவில், பல இடத்தில் பல்லுப்பல்லாகப் பெயர்ந்த வாளின் மேல் மின்மினிகள் வந்து மொய்த்தன. விழித்துப் பார்த்தால் கூர் முழுசாக இருந்ததாம். அதனால் அது ஹொத்தாருமாரு, மின்மினி வாள். 1945 தோல்விக்குப் பிறகு ஆயுதங்களைப் பறித்தபோது இதுவும் தொலைந்தது. 2015இல் தோக்கென் ரம்பு என்ற கேமில் ஹொத்தாருமாரு ஒரு பாத்திரமாக வந்தது. அதே வருஷம் அந்த வாளை மறுபடி அடிக்க ஒரு கொல்லர் பொதுமக்களிடம் நிதி கேட்டபோது, கேம் ரசிகர்கள் கொட்டிக் கொடுத்தார்கள்.