இடுக்கில் இருக்கும் பழைய பாய்லரை மாற்றும் முன்

வாடகை வீடா, சொந்த வீடா? வீட்டையும் குழாய் வெந்நீரையும் எரிவாயுவால் சூடாக்கும் பாய்லரை மாற்றுவது பற்றிக் கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். வாடகை வீடு என்றால், பழுதுபார்ப்பதும் மாற்றுவதும் பெரும்பாலான நாடுகளில் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. உங்கள் வேலை, பழுதை எழுத்தில் தெரிவிப்பது. என்றைக்கு நின்றது, திரையில் என்ன எண் காட்டியது, எத்தனை அறைகள் குளிர்ந்து கிடக்கின்றன என்று தேதியோடு எழுதி, படமும் எடுத்து அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. வெளிநாட்டுக்கு வந்து சில மாதங்களே ஆகின்றன, இப்போதே எப்படிக் குறை சொல்வது என்று தயங்கி, குழந்தைகளைப் போர்வைக்குள்ளேயே வைத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. தயவுசெய்து தயங்காதீர்கள். குளிர் நாட்டில் வீடு சூடாக இருப்பது ஆடம்பரம் அல்ல. வாடகைக்குள் அடங்கிய அடிப்படைத் தேவை.

சொந்த வீடு என்றால் முடிவு உங்கள் கையில். ஆனால் அடுத்து வரும் பகுதி இரு தரப்புக்கும் பொருந்தும். வேறெதையும் படிக்க நேரமில்லை என்றாலும் இதைப் படித்துவிடுங்கள்.

காற்று எங்கிருந்து வருகிறது?

பழைய பாய்லர்கள் பெரும்பாலும் சமையலறை அலமாரியிலோ, மாடிப்படிக்கு அடியிலோ, குளியலறை மூலையிலோ ஒடுங்கி இருக்கும். அவற்றில் பல, எரிவதற்கான காற்றை அந்த அறையிலிருந்தே இழுத்து, புகையை மேலே புகைபோக்கி வழியாக அனுப்பும் வகை. ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயு முழுமையாக எரிய ஏறத்தாழ 10 கன மீட்டர் காற்று வேண்டும். அதற்காகத்தான் சுவரிலோ கதவிலோ கம்பி வலையிட்ட ஒரு துவாரம் விட்டிருப்பார்கள். புதிதாக வருபவர்களுக்கு அந்தத் துவாரம் ஒரு குறையாகத் தெரிகிறது. குளிர்காற்று உள்ளே வருகிறதே என்று துணியைத் திணித்து, அட்டையை ஒட்டி அடைத்துவிடுகிறார்கள்.

அடைத்தால் என்ன ஆகும்? காற்று போதாமல் எரியும் சுடர் கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவோடு பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, காரணமில்லாத அசதி இவைதான் தொடக்கம். குளிர்காலச் சளிக்காய்ச்சல் என்றே நினைக்கத் தோன்றும். வித்தியாசம் ஒன்று உண்டு: வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வரும், வெளியே போனால் குறையும். பாய்லரின் சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக அலைவதும், மேல்மூடியில் கரி படிவதும், அறையின் கண்ணாடிகளில் வழக்கத்துக்கு மாறாக நீர் கோப்பதும் எச்சரிக்கைகள். இப்படி ஏதேனும் தெரிந்தால் பாய்லரை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியேறி, அந்த நாட்டின் எரிவாயு அவசர எண்ணை அழையுங்கள். யாருக்காவது உடல்நிலை சரியில்லை என்றால் மருத்துவ உதவியும் உடனே வேண்டும்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை இன்றைக்கே வாங்குங்கள். புகை அலாரம் இந்த வேலையைச் செய்யாது. பாய்லர் இருக்கும் அறையிலேயே, அதிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். அதற்கும் ஆயுள் உண்டு. மாடலைப் பொறுத்து 5 முதல் 10 ஆண்டுகளில் மாற்ற வேண்டும், தேதி அதன் மேலேயே அச்சிட்டிருக்கும்.

இடுக்கான இடத்தில் பழைய பாய்லரை மாற்ற வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே முதற்காரணம். எரிபொருள் மிச்சம் இரண்டாவதுதான். இன்றைய பாய்லர்கள் பெரும்பாலும் அறைக்காற்றோடு தொடர்பே இல்லாதவை. குழாய்க்குள் குழாய் என்று அமைந்த ஒரே இணைப்பில், வெளிவளையம் வெளியிலிருந்து காற்றை இழுக்கும், உட்குழாய் புகையை வெளியே தள்ளும். அடைபட்ட அலமாரிக்கு இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு இல்லை. ஆனாலும் புதிய பாய்லர் வந்துவிட்டது என்று பழைய துவாரத்தை நீங்களாக அடைத்துவிடாதீர்கள். அதே அறையில் எரிவாயு அடுப்போ கணப்போ இருந்தால் அதற்கு அந்தக் காற்று தேவைப்படலாம். பொருத்துபவர் பார்த்துச் சொல்லட்டும்.

அளவு நாடாவை எடுத்த பிறகு

சுவரில் மாட்டும் புதிய பாய்லர் பொதுவாக 40 முதல் 45 செ.மீ. அகலமும், 70 முதல் 80 செ.மீ. உயரமும் இருக்கும். பழைய இரும்புப் பாய்லர் நின்ற இடத்தில் இது எளிதாக உட்கார்ந்துவிடும் என்றே தோன்றும். பெட்டியின் அளவை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். பாய்லரைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை ஒவ்வொரு மாடலின் பொருத்துதல் கையேடும் மில்லிமீட்டர் கணக்கில் சொல்கிறது. பக்கவாட்டில் சில மில்லிமீட்டரே போதும் என்னும் மாடல்கள் உண்டு. மேலே புகைக்குழாயின் வளைவுக்கும், கீழே குழாய் இணைப்புகளுக்கும் கூடுதல் இடம் வேண்டும். முன்னால் ஏறத்தாழ அரை மீட்டர் வேண்டும், ஏனென்றால் ஆண்டுதோறும் ஒருவர் முன்மூடியைக் கழற்றி உள்ளே கைவிட்டு வேலை செய்தாக வேண்டும். அலமாரிக் கதவைத் திறந்தால் அந்த இடம் கிடைக்கிறது என்றால் பல மாடல்களுக்கு அதுவே போதும்.

கையேடுகளை உற்பத்தியாளர்கள் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். பொருத்துபவர் ஒரு மாடலைச் சொன்னதும் அதைத் தேடி, இடைவெளிகள் வரைந்த பக்கத்தை எடுத்துவைத்து, உங்கள் அலமாரியை நீங்களே அளந்து பாருங்கள். ஆங்கிலமோ வேறு மொழியோ சரளமாக இல்லாவிட்டாலும் அந்தப் படமும் எண்களும் புரியும்.

பழைய பாய்லரை வெளியே எடுப்பதும் ஒரு வேலைதான். தரையில் நிற்கும் வார்ப்பிரும்புப் பாய்லர்கள் 100 கிலோவைத் தாண்டும். குறுகிய படிக்கட்டு என்றால் உள்ளேயே பகுதி பகுதியாகப் பிரித்து எடுக்க வேண்டியிருக்கும். மிகப் பழையவற்றில் புகைக்குழாயிலும், மூட்டுகளைச் சுற்றிய கயிற்றிலும், பின்னால் வைத்த பலகையிலும், தூசியாக மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உடைக்காதீர்கள், துளையிடாதீர்கள், சுரண்டாதீர்கள். சந்தேகம் இருந்தால் பரிசோதித்த பிறகே கை வைக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

புகையும் நீரும் போகும் வழி

புதிய கண்டென்சிங் பாய்லர், புகையில் உள்ள நீராவியைக் குளிர்வித்து அதன் வெப்பத்தையும் பிடித்துக்கொள்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திறன் விதிகளுக்குப் பிறகு, அங்கே வீடுகளுக்கு விற்கப்படுவது பெரும்பாலும் இந்த வகைதான். இதன் புகை ஈரமானது, குளிர்ந்தது. பழைய செங்கல் புகைபோக்கிக்குள் அதை அப்படியே விட்டால் ஈரமும் அமிலமும் செங்கல்லை அரிக்கும். உள்ளே தகுந்த குழாய் இறக்க வேண்டும். பெரும்பாலும் சுவர் வழியாக நேராக வெளியே விடுவார்கள். குளிர்நாளில் அது வெண்மேகமாகத் தெரியும். உங்கள் ஜன்னலுக்குக் கீழேயோ, பக்கத்து வீட்டாரின் கதவை நோக்கியோ வந்தால் விதிமீறல், மனக்கசப்பு இரண்டும் சேரும்.

அடுக்குமாடி என்றால் இன்னும் கவனம். பல குடும்பங்கள் ஒரே புகைபோக்கியைப் பகிர்ந்துகொள்ளும் கட்டடங்கள் உண்டு. உங்கள் வீட்டில் செய்யும் மாற்றம் மேல்வீட்டாரின் புகை வெளியேறுவதைக் கெடுக்கலாம். கட்டட நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி கைக்கு வரும் முன் எதையும் தொடங்க வேண்டாம்.

குளிர்ந்த நீராவி நீராக வடியும். பாய்லர் ஓடும்போது மணிக்கு ஓரிரு லிட்டர்கூட வரும். லேசான அமிலத்தன்மை கொண்டது என்பதால் பிளாஸ்டிக் குழாயில்தான் விட வேண்டும். வீட்டின் நடுவில் உள்ள இடுக்கில் வடிகால் இருக்காது. சமையலறைத் தொட்டியின் கழிவுக்குழாய் வரை சரிவாகக் கொண்டுபோக முடியாவிட்டால் ஒரு சிறிய பம்ப் வைப்பார்கள். குழாயை வெளிச்சுவரில் விட்டால் கடுங்குளிரில் உறைந்து பாய்லர் நின்றுவிடும். வெளியே போய்த்தான் தீர வேண்டும் என்றால் அகலமான குழாயாக, நல்ல உறையோடு, முடிந்தவரை குட்டையாக இருக்கட்டும்.

தொட்டி வேண்டுமா, வேண்டாமா?

காம்பி பாய்லர் வெந்நீரை அப்போதைக்கப்போது சுடவைத்துத் தருகிறது. சேமிப்புத் தொட்டி தேவையில்லை. இடநெருக்கடி உள்ள வீட்டில் ஓர் அலமாரியே மிச்சமாகும். ஆனால் நம் குடும்பங்களில் அம்மா அப்பா, தங்கைக் குடும்பம் என்று பலர் சேர்ந்து இருப்பது வழக்கம். காலையில் இரண்டு குளியலறைகள் ஒரே நேரத்தில் ஓடினால் காம்பி திணறும். கணக்கு எளியது: தண்ணீரை 35 டிகிரி உயர்த்த வேண்டும் என்றால், 24 கிலோவாட் பாய்லர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 லிட்டர் தரும், 30 கிலோவாட் என்றால் 12 லிட்டர். ஒரு நல்ல ஷவரே அந்த 10 லிட்டரைக் குடித்துவிடும். இதோடு, உங்கள் வீட்டுக்கு வரும் குளிர்நீரே நிமிடத்துக்கு எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். சமையலறைக் குழாயை முழுதாகத் திறந்து ஒரு நிமிடம் வாளியில் பிடித்து அளந்துவிடுங்கள். அங்கே வராத தண்ணீரை எந்தப் பாய்லரும் தர முடியாது. ஒரே குளியலறை என்றால் காம்பி, இரண்டும் அதற்கு மேலும் என்றால் தொட்டியோடு கூடியது. நான் இப்படித்தான் சொல்வேன். தொட்டியில் சேமிக்கும் நீரை, லீஜியோனெல்லா பாக்டீரியா வளராமல் இருக்க, 60 டிகிரி வரை சூடாக்க வேண்டும்.

அறைகளைச் சூடாக்க இவ்வளவு சக்தி தேவைப்படாது. சிறிய வீட்டுக்கு 10 கிலோவாட்டுக்கும் குறைவாகவே போதும். பழைய பாய்லரின் எண்ணைப் பார்த்து அதே அளவில் புதியது வைக்கிறேன் என்பவரிடம், வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்கிட்டீர்களா என்று கேளுங்கள். எவ்வளவு குறைந்த சக்தி வரை தன்னை இறக்கிக்கொள்ளும் என்பதே நல்ல பாய்லரின் அடையாளம். அறைகளில் வெந்நீர் ஓடிச் சூடு தரும் ரேடியேட்டர்களிலிருந்து திரும்பி வரும் நீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் கண்டென்சிங் நுட்பம் முழுப் பயன் தரும். ஆகவே வெப்பநிலையை உச்சத்தில் வைத்துவிட்டுப் போகிறவரை அப்படியே அனுப்பிவிடாதீர்கள்.

யாரை அழைப்பது

நம் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார், குறைவாகச் செய்துகொடுப்பார் என்ற பேச்சு கோயிலிலும் கல்யாண வீட்டிலும் காதில் விழும். அவர் நல்லவராகவே இருக்கலாம். எரிவாயு வேலைக்கு அந்த நாட்டில் பதிவு பெற்றவரா என்பது ஒன்றுதான் கேள்வி. இல்லை என்றால், அண்ணன் முறையானாலும் வேண்டாம். பதிவு அட்டையைக் காட்டச் சொல்வது அவமரியாதை ஆகாது. முறையாக வேலை செய்பவர்கள் கேட்காமலே காட்டுவார்கள். பதிவில்லாதவர் செய்த வேலை என்றால் உத்தரவாதமும் காப்பீடும் கைவிட்டுப்போகும், வீட்டை விற்கும்போது கேள்வி எழும். எல்லாவற்றுக்கும் மேல், மேலே சொன்ன நிறமற்ற நஞ்சு இருக்கிறது.

வீட்டுக்கு வந்து பார்க்காமல் தொலைபேசியிலேயே தொகை சொல்பவர் இடுக்கான இடத்துக்கு உதவமாட்டார். வந்து பார்ப்பவரிடம் எரிவாயுக் குழாயின் அகலம் புதிய பாய்லருக்குப் போதுமா என்று கேளுங்கள். காம்பிக்குப் பல வீடுகளில் அதையும் மாற்ற வேண்டிவரும். பழைய ரேடியேட்டர்களுக்குள் துருவிலிருந்து உண்டான கறுப்புச் சேறு தங்கியிருக்கும். அதைக் கழுவி வெளியேற்றுவதும், காந்த வடிகட்டி வைப்பதும், துருத்தடுப்பு மருந்து ஊற்றுவதும் அந்தத் தொகைக்குள் அடக்கமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். சேற்றைக் கழுவாமல் வைத்தால் புதிய பாய்லரின் நுண்ணிய நீர்வழிகள் விரைவில் அடைபடும். பேச்சு வேகமாகப் போனால், மெதுவாகச் சொல்லுங்கள், எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள்.

கோடை முடியும்போது செய்வது உத்தமம். அதே இடத்தில் வைப்பது பெரும்பாலும் ஒரு நாள் வேலை, இடம் மாற்றினால் இரண்டு மூன்று நாள். குளிர்காலத்திலேயே நின்றுவிட்டால், இடைப்பட்ட நாட்களுக்கு மின் ஹீட்டரை நேராகச் சுவர் பிளக்கில் செருகிப் பயன்படுத்துங்கள், நீட்டிப்புக் கம்பியில் வேண்டாம். கரியடுப்பை எக்காரணம் கொண்டும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அதுவும் அதே கார்பன் மோனாக்சைடைத்தான் கக்கும்.

வேலை முடிந்ததும் பொருத்துபவர் புகையை அளவிடும் கருவியை வைத்துச் சோதித்து, எண்களைக் கையேட்டின் பதிவுப்பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதையும் சான்றிதழையும் வாங்கிய பிறகு மீதித் தொகையைக் கொடுங்கள். குளிர்ந்திருக்கும்போது பாய்லரின் அழுத்தமானி 1 முதல் 1.5 பார் (நீரழுத்தத்தின் அலகு) வரை காட்ட வேண்டும். 3 பாரை நெருங்கினால் பாதுகாப்பு வால்வு நீரை வெளியே விட்டுவிடும். அழுத்தம் அடிக்கடி இறங்கினால் எங்கோ கசிகிறது என்று பொருள், பழைய குழாய் மூட்டுகளில் இது எதிர்பார்க்கக்கூடியதே. நீர் நிரப்பும் வால்வை எப்படித் திறந்து மூடுவது என்று பொருத்துபவர் செய்துகாட்டும்போது கைப்பேசியில் படம் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அந்த அலமாரியைக் காலியாக விடுங்கள். ஊருக்குப் போகும் பெட்டிகளை அடுக்கவும், ஈரத்துணி காயப்போடவும் கதகதப்பான இடம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் இடைவெளிகளை அளந்து வைத்ததே வீணாகிவிடும். கதவின் உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டி, எரிவாயுவை நிறுத்தும் வால்வு எங்கே இருக்கிறது, அவசர எண் என்ன, அடுத்த சர்வீஸ் எந்த மாதம் என்று வீட்டில் உள்ள பெரியவர்களும் படிக்கும்படி தமிழில் எழுதிவையுங்கள்.