பாஸ்தா சாலட் தண்ணீர் விட்டுவிடுகிறதா?

நான் முதலில் செய்த பாஸ்தா சாலட், காலையில் கலந்தபோது கண்ணைப் பறித்தது. மதியம் டப்பாவைத் திறந்தால் அடியில் ஒரு விரல்கடை தண்ணீர். பாஸ்தா ரப்பர் மாதிரி விறைத்துக் கிடந்தது. பீட்ரூட் புண்ணியத்தில் சோளம் முதற்கொண்டு எல்லாமே ரோஸ் நிறம். எளிமையான பண்டம்தான், ஆனால் சின்னச் சின்ன இடங்களில் காலை வாரிவிடும்.

முதல் தவறு வேகவைப்பதிலேயே நடக்கிறது. சூடாகச் சாப்பிடும் பாஸ்தாவைக் கொஞ்சம் கடிபடும் பதத்தில் இறக்குவார்கள். சாலட்டுக்கு அது சரிவராது. ஃப்ரிட்ஜில் வைத்த பழைய சாதம் விறைப்பது போலவே, ஆறிய பாஸ்தாவும் இறுகும். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு நிமிடம் வேகட்டும். நால்வருக்கு 200 கிராம் பாஸ்தா என்றால் 2 லிட்டர் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி உப்பு. இங்கே உப்பைக் குறைத்துவிட்டு மேலே தூவிச் சரிக்கட்ட முடியாது, உள்ளே சப்பென்றுதான் இருக்கும். ஒட்டாமலிருக்க எண்ணெய் ஊற்றுவதும் வீண். அது தண்ணீரின் மேல் மிதக்குமே தவிர பாஸ்தாவை அண்டாது. ஃபுசில்லி என்ற திருகு வடிவம் எடுத்தால் டிரெஸ்ஸிங், அதாவது சாலட்டில் ஊற்றிப் பிரட்டும் எண்ணெய்-புளிப்புக் கலவை, மடிப்புகளில் தங்கும். நூல் போல நீளமான ஸ்பகெட்டி வேண்டாம், காய் ஒருபுறமும் அது ஒருபுறமுமாகப் பிரிந்து நிற்கும்.

அடுத்து, நம் கைப்பழக்கம் ஒன்று. எலுமிச்சை சாதத்துக்குச் சாதத்தைத் தாம்பாளத்தில் கொட்டி ஆறவிட்டுத்தானே கிளறுவோம்? இங்கே நேர் எதிர். வடிகட்டியதும் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி உடனே நன்றாக உதறுங்கள். வெதுவெதுப்பு போகும் முன்பே பாதி டிரெஸ்ஸிங்கை ஊற்றிப் பிரட்டுங்கள். சூட்டில் உள்ளே இழுத்துக்கொள்ளும். டிரெஸ்ஸிங்குக்கு மூன்று பங்கு ஆலிவ் ஆயில், ஒரு பங்கு எலுமிச்சைச் சாறு, மிளகுத்தூள், நசுக்கிய பூண்டு ஒரு பல், அவ்வளவுதான். மீதிப் பாதியைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

அந்த ஒரு விரல்கடை தண்ணீருக்குக் காரணம் தக்காளியும் வெள்ளரியும். கோசுமல்லிக்கு உப்பைக் கடைசியில் போடு என்று பாட்டிமார் சொல்வது இதனால்தான். உப்பு பட்டதும் காய் தண்ணீர் விடும். வெள்ளரியின் விதைப்பகுதியைக் கரண்டியால் வழித்தெடுங்கள். தக்காளியை நறுக்கி, சிட்டிகை உப்புப் போட்டுப் பத்து நிமிடம் வடிகட்டியில் வைத்துவிட்டு அப்புறம் சேருங்கள்.

நிறத்துக்கு வருவோம். சிவப்பு, மஞ்சள் குடைமிளகாய், ஸ்வீட் கார்ன், கேரட் எல்லாம் சாயம் விடாத சாதுக்கள். பீன்ஸ், ப்ரோக்கோலி பச்சை மாறாமலிருக்க, கொதிநீரில் ஒன்றிரண்டு நிமிடம் போட்டு எடுத்து ஐஸ் தண்ணீரில் முக்குங்கள். ஆனால் புளிப்பு பட்டு நேரமானால் அந்தப் பச்சையும் மங்கிப் பழுப்பேறும், ஆகவே பரிமாறும்போது சேர்த்தால் போதும். ஊதா முட்டைக்கோஸ் எலுமிச்சை பட்டதும் ரோஸாகும், அது பார்க்க அழகு. பீட்ரூட்டை மட்டும் மேலாகத் தூவுங்கள், கிளறவே கிளறாதீர்கள்.

மயோனைஸ் பிரியர்களுக்கு: பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது சும்மா இல்லை. துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிர் எனக்கு அதைவிட ருசி. எதைப் போட்டாலும் சாலட்டை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் கணக்கு.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் பரிமாறிவிட வேண்டாம். ஆலிவ் ஆயில் குளிரில் வெண்ணெய் போல உறைந்திருக்கும், கால் மணி நேரம் வெளியே இருக்கட்டும். பிறகு ஒரு வாய் ருசி பாருங்கள். காலையில் சரியாக இருந்த உப்பும் புளிப்பும் இப்போது மந்தமாகத் தெரியும். எடுத்து வைக்கச் சொன்ன மீதி டிரெஸ்ஸிங் இதற்காகத்தான்.